தவறணை மண்ணில் இரண்டு பாம்புகள்

வாருங்கள், வந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அக்கரப்பத்தனைக்கு மேலே, கொண்டைமலைத் தோட்டத்தின் உச்சியில், தேயிலை ஏற மறுத்த சரிவொன்றில் துண்டுக் காடு ஒன்று நிற்கிறது. அதன் மரங்களின் இடுப்பில் சிவப்புச் சாயத்தால் இலக்கமிட்டிருக்கிறார்கள். உல்லாசப் பயணிகளுக்கு மரக்குடில் கட்டுவதற்காக அந்தக் காடு விழப்போகிறது. விழலாம் என்பதற்கு அவர்கள் எடுத்துக்காட்டும் ஆதாரம் ஒரே ஒரு வாக்கியம்: "இக்காட்டில் மட்டுமே வாழும் தனியினம் எதுவும் இல்லை." அதை எழுதியவர் பொய்யர் அல்லர். நேர்மையான ஒருத்தி கொண்டுவந்து கொடுத்த சான்றைப் பார்த்து, நேர்மையான ஒருவர் எழுதிய வாக்கியம் அது. அநீதி எப்போதும் மீசையை முறுக்கிக்கொண்டு வருவதில்லை, தோழர்களே. சில வேளைகளில் மூக்குக்கண்ணாடி அணிந்துகொண்டு அழகான கையெழுத்திலும் வரும்.

சான்று கொடுத்த அந்த ஒருத்தியின் பெயர் ஜெனிதா. கொண்டைமலைத் தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்தில் பிறந்தவள். அதே மலையின் அடிவாரப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவள். விடுமுறை நாள்களில் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகப் படிப்பவள். அவள் ஆராய்ந்தது ஒரு மண்பாம்பை. விரல் தடிமன், ஒரு சாண் நீளம். நஞ்சு கிடையாது, கடிக்கவும் தெரியாது. தலை கூர்மையாகவும், வால் அரிவாளால் சீவிவிட்டதுபோல் தட்டையாகவும் இருக்கும். அந்த மழுங்கிய வாலை இன்னொரு தலையென்று எண்ணித் தோட்டத்து மக்கள் அதை இருதலைப் பாம்பு என்பார்கள். மலையகத்தின் பல சரிவுகளில் காணப்படும் மண்பாம்பின் வயிறு வெறுமையாக இருக்கும். கொண்டைமலையில் கிடைப்பவை பலவற்றிலோ, வயிற்றோரத்தில் மஞ்சள் புள்ளிகள் மணி கோத்ததுபோல் வரிசையாக ஓடும்.

புள்ளியுள்ளது வேறோர் இனமா? அல்லது புள்ளியற்றதன் கீழே ஒரு கிளையாக வைக்கத்தக்க துணையினமா? அல்லது, ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குள் இருக்கும் வெறும் நிறவேறுபாடா? ஜெனிதாவின் நெஞ்சு முதலாவதைச் சொல்லியது. அவளுடைய பேராசிரியர் மூன்றாவதை எழுதிவிட்டார்.

அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதற்காகத்தான் அவள் அன்று பேராசிரியர் கஜேந்திரனின் அறைக்குப் போனாள். கஜேந்திரனும் லயத்துப் பிள்ளைதான்; வலப்பனைப் பக்கத்திலிருந்து படித்து மேலே வந்தவர். மாணவர்கள் முன்னால் செந்தமிழும் ஆங்கிலமும் பேசுபவர், அறைக் கதவு சாத்தப்பட்டால் தோட்டத்துத் தமிழுக்கு வந்துவிடுவார்.

"உக்காரு ஜெனிதா. மூஞ்சியப் பாத்தா சண்டைக்கு வந்த மாதிரில்ல இருக்கு."

"சண்டை இல்லீங்க சேர். அந்த ஒரு வரிய மட்டும் திருப்பித் தாங்க."

அவர் சிரித்தார். மேசையில் அவள் முன்னர் கொண்டுவந்து கொடுத்த கண்ணாடிச் சாடிகள் இருந்தன. பக்கத்தில் ஈரமண் நிரப்பிய ஒரு தொட்டி. புள்ளியற்ற தாய்ப் பாம்பு ஒன்று அதற்குள் குட்டிகள் ஈன்றிருந்தது. ஒரு குட்டியை அவர் மெல்ல எடுத்து உள்ளங்கையில் புரட்டிக் காட்டினார். வயிற்றின் முற்பாதியில் மஞ்சள் புள்ளிகள், பிற்பாதி வெறுமை.

"இத எங்க புடிச்சே?"

"எல்லாமே எங்க தோட்டத்துத் தவறணையிலதாங்க சேர்."

தவறணை என்பது தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடை. அங்கே மண்ணைக் குவித்துச் சலித்துப் பைகளில் நிரப்புவார்கள். குவியலைக் கிளறும்போதெல்லாம் மண்பாம்பு வெளியே வரும். தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆகவே அவள் வேறெங்கும் அலையவில்லை.

"அப்ப நீயே சொல்லு. ஒரே குவியல்ல புள்ளி இருக்கிறதும் கெடக்கு, இல்லாததும் கெடக்கு. நடுவுல பாதிப் புள்ளியோட குட்டியும் இருக்கு. இத எப்புடி நான் ரெண்டு இனம்னு எழுதறது? எங்க வீட்ல நான் அட்டக் கறுப்பு, எந் தங்கச்சி எலுமிச்சம்பழம். எங்க ரெண்டு பேரையும் ரெண்டு சாடியில போடுவியா?"

"ஒங்க தங்கச்சியக் கேட்டா போடச் சொல்லுவாங்க சேர்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, பொறுமையாகப் பேசினார். "கேளு. தனித்தனி மலையில, தனித்தனி அடையாளத்தோட, ஒண்ண ஒண்ணு தொடாம வாழ்ந்தா, இனம்னு சொல்றதா துணையினம்னு சொல்றதான்னு வாதாடலாம். வாதாட ஏதோ இருக்கு. ஒரே எடத்துல கலந்து குட்டி போட்டுக் கெடந்தா அந்த வாதத்துக்கே எடமில்ல. புள்ளி ஒண்ணு கூடுனா ஒரு பேரு, செதில் ஒண்ணு கொறஞ்சா ஒரு பேருன்னு வச்சிக்கிட்டே போறவங்க இருக்காங்க. அவங்க வச்ச பேர அழிக்கிறதுக்கே என் பாதி ஆயுசு போயிருச்சு. நாளைக்கு உண்மையான ஒரு புது இனத்தக் காட்டுனாலும் சனம் நம்பாது. ஒரு காட்டக் காப்பாத்தறதுக்கு இல்லாத இனத்த நான் உண்டாக்கணுமா?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. சான்று அவளுடையது, சான்று சொன்னதை அவர் எழுதினார். வருகிற வியாழக்கிழமை நுவரெலியாவில் கூடும் சுற்றாடல் குழு அந்த வரியை வாசித்துவிட்டுக் கையொப்பமிடும். பிறகு காட்டில் வாள் இயந்திரம் பேசும்.

பேருந்து மேட்டில் முக்கி முனகி ஏறும்போது அவள் சன்னலோரம் அமர்ந்து மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தேயிலைக்கு நடுவே ஆங்காங்கே தலைமயிர்க் கற்றையைப்போல் மிஞ்சிய காடுகள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே பள்ளத்தாக்கு, ஆறு, வீதி, நச்சு மருந்து தெளித்து இறுகிய தேயிலை நிலம். ஒரு சாண் பாம்பு எப்படிக் கடக்கும் இதையெல்லாம்? கடக்காது என்றுதான் அறிவு சொல்லியது. ஆனால் கடந்திருக்கிறது, தவறணையில் இரண்டும் ஒன்றாய்க் கிடக்கின்றனவே! அந்த முரணை அவள் இறங்கும் வரை மென்றுகொண்டே வந்தாள்.

சனிக்கிழமை காலை அவள் தவறணைக்குப் போனாள். பனி இன்னும் விலகவில்லை. கீற்றுப் பந்தலின் கீழே பெண்கள் வரிசையாக அமர்ந்து பொலித்தீன் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே சல்லடையோடு நின்றவள் அம்மாக்கண்ணு. ஜெனிதாவின் தாயோடு பல காலம் இதே பந்தலில் வேலை செய்தவள், வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள்.

"வாங்க டீச்சரம்மா, வாங்க! ஏண்டி, வெலகி வழி விடுங்கடி. பாம்புக்குப் பொறப்புச் சாட்சிப் பத்திரம் எடுக்க வந்துருக்காங்க."

பந்தல் முழுவதும் சிரிப்பு.

"சிரிங்க அக்கா, சிரிங்க. வியாழக்கெழம மேல காடு போகப் போவுது."

"அதுக்கும் பாம்புக்கும் என்னாம்மா?"

"பாம்பு தனி இனம்னு நிரூபிச்சா காடு நிக்கும். இல்லாட்டி இல்ல."

அம்மாக்கண்ணு சல்லடையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். "நல்ல கூத்தா இருக்கே! எங்களுக்கே என்னா பேருன்னு இன்னும் முடிவாகல. ஒருத்தன் இந்தியத் தமிழர்ங்கிறான், ஒருத்தன் மலையகத் தமிழர்ங்கிறான். எந்தக் கட்டத்துல கோடு போடறதுன்னு சனத்தொகைக் கணக்கெடுக்க வர்றவன்லாம் முழிக்கிறான். நாங்க வரிசையில நிக்கிறப்ப பாம்பு முந்திக்கிட்டுப் போவுதா?"

மறுபடியும் சிரிப்பு. ஜெனிதாவும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னர், மேட்டு வளைவில் இருமிக்கொண்டு ஒரு டிரக்டர் வந்து நின்றது. டிரக்டர் இஸ்ஸதீனுடையது. அக்கரப்பத்தனைக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர்; அவருடைய தந்தை காலத்திலிருந்தே தவறணைக்கு மண் ஏற்றும் குத்தகை அவர்கள் குடும்பத்துக்குத்தான். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். பெட்டி சாய்ந்தது. செம்மண் பொலபொலவென்று சரிந்தது.

"இந்தா வந்துட்டாரு கல்லு வியாபாரி!" என்றாள் அம்மாக்கண்ணு. "நானா, போன லோடுல பாதி கல்லு. சலிச்சுச் சலிச்சு எங் கை போச்சு. மேல காட்டு மண்ணு மாவு மாதிரி இருக்கு. நீங்க ஆத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து மலையவே பேத்துக் கொண்டாறீங்க."

"என்ன செல்றீங்க அம்மாக்கண்ணு! காட்டு மண்ணு தனியாப் போட்டா வேர் அழுகுது, செம்மண்ணு கலக்கணும்டு தோட்டத்துத் தொரதானே செல்றாரு. எனக்கு என்ன, மண்ணுக்குள்ள தங்கம் ஈக்குதா? கல்லுதான் ஈக்குது."

சரிந்த செம்மண்ணின் விளிம்பில் ஏதோ நெளிந்தது. ஜெனிதா குனிந்து எடுத்தாள். மண்பாம்பு. புரட்டினாள். வெறும் வயிறு, ஒரு புள்ளி கூட இல்லை. அது இன்னும் தவறணைத் தரையைத் தொடவில்லை; கறுத்த காட்டு மண்ணை அறியவில்லை. ஆற்றுக்கு அப்பாலிருந்து, நாற்சக்கர வாகனத்தில் ஏறி, குத்தகைக்காரர் செலவில் வந்து இறங்கியிருக்கிறது!

அவள் அப்படியே நின்றுவிட்டாள். குழந்தைப் பருவத்தில் இந்தக் குவியலின்மேல் ஏறிச் சறுக்கி விளையாடியவள் அவள். பாவாடை நிறைய இந்த மண்ணோடு வீட்டுக்குப் போய் அடி வாங்கியவள். அன்றும் இன்றும் அவள் இதைத் தவறணை மண் என்றே அறிவாள். எங்கிருந்து வந்த மண் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பிறந்தது முதல் கண்முன்னே கிடக்கும் குவியலிடம் யார் ஊர் கேட்பார்கள்? பேராசிரியருக்குக் கொடுத்த ஒவ்வொரு சாடியிலும் "கொண்டைமலைத் தவறணை" என்று எழுதி ஒட்டியவள் அவளேதான். அந்தப் பாம்புகளுக்கு அது வாழிடம் அல்ல. வந்து இறக்கப்பட்ட இடம்.

"நானா, இந்த மண்ணு எந்த எடம்? எனக்குக் காட்டுவீங்களா?"

"காட்டாம? ஏறுங்க டீச்சர். ஆனா பெட்டியிலதான் எடம் ஈக்குது. பாம்பு வந்த சீட்டுல நீங்க திரும்பிப் போங்க."

அன்றும் மறுநாளும் அவள் ஆற்றுக்கு அப்பாலுள்ள புல்மலையில் அலைந்தாள். திங்கள், செவ்வாய் விடுப்பெடுத்து மேலே காட்டில் அலைந்தாள். அவசரம் நெஞ்சில் இருந்தது, கைகளில் இல்லை. உக்கிய மரத்தைப் புரட்டுவாள். அடியில் கிடந்ததை எடுத்து, வயிற்றைப் படமெடுத்து, செதில்களை எண்ணி, பிடித்த குழியிலேயே விட்டு, மரத்தைப் பழையபடி வைப்பாள். காட்டுக்குள் ஊசித் தூறல் விழுந்துகொண்டே இருந்தது. பாசி பிடித்த கிளைகளிலிருந்து நீர் சொட்டியது. கீழே எங்கோ கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரையோ யாரோ அதட்டும் குரல் மெல்லிதாய் ஏறி வந்தது. அந்த அமைதிக்குள் அவள் கண்டது இதுதான்: காட்டில் கிடைத்தவை அனைத்துக்கும் மஞ்சள் மணிவரிசை, வால்தட்டில் இரண்டு மேடுகள், வயிற்றுச் செதில்கள் இருநூற்றுக்கு மேல். புல்மலையில் கிடைத்தவை அனைத்துக்கும் வெறும் வயிறு, வழுவழுப்பான வால்தட்டு, செதில்கள் இருநூற்றுக்குக் கீழ். நடுவே தேயிலை மலைகளில் எத்தனை இடம் தோண்டியும் ஒன்றுமில்லை. பாதிப் புள்ளிக்காரன் இரு பக்கத்திலும் இல்லவே இல்லை. தவறணையில் மட்டும்தான் அவன் இருந்தான்.

செவ்வாய் மாலை அவள் தொலைபேசியில் பேராசிரியரிடம் விவரத்தைச் சொன்னாள். "சப்பாத்து போட்டுக்கிட்டு நாளைக்கு நானே வாரேன்" என்றார் கஜேந்திரன்.

புதன்கிழமை நண்பகலில் பேராசிரியர் கொண்டைமலைக் காட்டுக்குள் முழங்காலிட்டிருந்தார். அட்டை ஏறிய காலை அவர் கவனிக்கவே இல்லை. புள்ளிப் பாம்பொன்று அவருடைய விரல்களுக்கிடையே புகுந்து மண்ணைத் தேடியது.

"பேசாம நீ ஆராய்ச்சி ஆரம்பிச்சப்பவே, நாலு வருசத்துக்கு முன்னாடியே இங்க வந்துருக்கணும்" என்றார் அவர். "சாடிய நம்பி ஒக்காந்துட்டேன்."

"சாடியில தப்பா எழுதுனது நாந்தாங்க சேர்."

"நீ எழுதுன. நான் கேக்கல. லயத்துல பொறந்த நானும் தவறணை மண்ணு எங்கேருந்து வருதுன்னு கேக்கல பாரு." பாம்பை அவர் சருகுக்கடியில் விட்டார். "சரி, இப்ப நான் ஒனக்கு எதிரா வாதாடறேன். பதில் சொல்லு. தவறணையில ரெண்டும் சேந்து குட்டி போட்டிருக்கே. சேர முடியும்னா ஒரே இனந்தானே?"

"அதுங்களா போய்ச் சேரல சேர். நாம வாரி ஏத்தி ஒரே குழியில கொட்டியிருக்கோம். சேர முடியும்ங்கிறது வேற, சேந்து வாழுதுங்கிறது வேற. ஆறும் மலையும் எத்தனையோ காலமாப் பிரிச்சு வச்சத ஒரு டிரக்டர் கலச்சிருச்சுன்னா, டிரக்டர வச்சா நாம இனத்தப் பிரிப்போம்?"

"அப்ப அந்தப் பாதிப் புள்ளிக் குட்டிங்கள எங்க வைக்கிறது?"

"அதுங்களையும் மறைக்கக் கூடாது. மனுசன் கலந்துவிட்டதுன்னு வெளிப்படையா எழுதுவோம்."

அவர் தலையசைத்தார். "நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு. இது இனமா துணையினமான்னு மரபணுவப் பாக்காம நான் சொல்ல மாட்டேன். அது வர மாசக்கணக்காகும். வந்து, 'துணையினந்தான், சின்னக் கிளைதான்'னு சொல்லிருச்சுன்னா? அப்ப என்னா செய்வ?"

இத்தனை நாளும் ஜெனிதா அஞ்சிக்கொண்டிருந்த கேள்வி அது. 'இனம்' என்ற சொல்லைக் கைப்பற்றினால் காட்டைக் கைப்பற்றியதாக எண்ணியிருந்தாள். அந்தச் சொல் கை நழுவினால் காடும் நழுவும் என்று நடுங்கியிருந்தாள். இப்போது, ஈரச் சருகுக்குள் அந்தச் சின்ன உயிர் மறைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"துணையினம்னா வெட்டலாம்னு எந்தப் புத்தகத்துல சேர் இருக்கு?"

கஜேந்திரன் நிமிர்ந்து பார்த்தார்.

"புத்தகத்துல இல்ல" என்றார் மெதுவாக. "கூட்டத்துல ஒக்காந்துருக்கிறவங்க மண்டையில இருக்கு."

"அப்ப நாம போக வேண்டியது அங்கதானே?"

வியாழக்கிழமை நுவரெலியாவில், குளிருக்குக் கதவடைத்த மண்டபத்தில் குழு கூடியது. தோட்ட நிருவாகத்தின் சார்பில் இருவர், அதிகாரிகள் சிலர், பொதுமக்களுக்கென்று போட்டிருந்த நாற்காலிகளில், ஒரு நாள் சம்பளத்தைத் துறந்து வந்த அம்மாக்கண்ணுவும் தவறணைப் பெண்கள் சிலரும், கடைசி வரிசையில் இஸ்ஸதீன். கஜேந்திரன் எழுந்து, தன் வாக்கியத்தைத் தானே மீளப் பெறுவதாகச் சொன்னார். ஏன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அதிகாரி ஒருவர் சிங்களத்தில் கேட்டார்:

"பேராசிரியரே, சுற்றி வளைக்க வேண்டாம். ஒரே சொல்லில் சொல்லுங்கள். இது தனி இனமா, இல்லையா?"

"ஒரே சொல் இன்னும் என்னிடம் இல்லை" என்று அவரும் சிங்களத்திலேயே விடையளித்தார். "இந்த உயிர் இந்தக் காட்டைத் தவிர நாங்கள் தேடிய வேறெந்த இடத்திலும் இல்லை என்பது மட்டும் இருக்கிறது. அதற்கு என்ன படிநிலை கொடுப்பது என்பதை நாங்கள் ஆய்வுகூடத்தில் பல வருடம் வாதாடலாம். தவறினால் திருத்தலாம். இதோ, இன்று நான் திருத்தியிருக்கிறேன். விழுந்த காட்டைத் திருத்த முடியாது."

அம்மாக்கண்ணு பக்கத்திலிருந்த ஜெனிதாவின் விலாவில் இடித்தாள். "என்னாம்மா சொல்றாரு?"

"பேரு அப்புறம் வைக்கலாம், மொதல்ல உசிரோட இருக்கட்டும்னு சொல்றாரு."

"இத எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றாள் அவள். அவளுடைய குரலில் இப்போது கேலி இல்லை.

முடிவு ஒத்திவைக்கப்பட்டது. இருபுறத்து மண்ணிலிருந்தும் மரபணுச் சான்று வரும் வரையும், பொதுமக்களின் ஆட்சேபம் கேட்கப்படும் வரையும் வெட்டக் கூடாது என்றார்கள். மாலையில் ஜெனிதா காட்டுக்கு ஏறிப் போனபோது சிவப்பு இலக்கங்கள் மரங்களின் இடுப்பில் அப்படியே இருந்தன. மழை அவற்றைக் கழுவவில்லை. ஒத்திவைப்பு என்பது விடுதலை ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆட்சேபம் வராவிட்டால் அந்த மண்டபம் மௌனத்தையே சம்மதமாக எழுதிக்கொள்ளும்.

ஆகவே, இதைப் படித்தவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். ஒன்றை இன்னொன்றின் கிளையென்று தீர்ப்பெழுதும் முன்னர், அது பிறந்த மண்ணுக்குப் போய்ப் பாருங்கள். அது வந்து கிடந்த மண்ணைக் கண்டு ஏமாறாதீர்கள், காட்டி ஏமாற்றாதீர்கள். அறிஞர்கள் பெயரைத் தேடட்டும். அது அவர்கள் கடன். உயிரைக் காப்பது உங்கள் கடன். உங்கள் மலையிலும் இலக்கமிட்ட மரங்கள் இருக்கும். அவற்றின் கீழே குனியுங்கள், சருகை விலக்குங்கள், அங்கே நெளிவதைக் கண்ணால் காணுங்கள். கண்டதை உங்கள் கையால் எழுதி, உங்கள் பெயரிட்டு, ஆட்சேபமாய்க் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த மண்டபத்தில் பொதுமக்களுக்கென்று போட்ட நாற்காலிகள் இன்னும் பல வெறுமையாகவே கிடக்கின்றன. எழுந்து போய் அவற்றில் அமருங்கள்!